நாற்பத்தோராம் பக்கத்தின் வழக்கமான நாள்

தலத்தெரு, காரைக்கால்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜவஹர்,

நீயும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன்.

ஜூலை 10ஆம் தேதி திருமலைராயன்பட்டினத்துச் சாயப்பட்டறையில் சாய எந்திரங்கள் ஓடவில்லை. இது என் ஊகம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நான் கேட்டதற்கு மின் துறை அனுப்பிய பதில் நேற்று கைக்கு வந்தது. அந்த மாதத்தில் பட்டறை சாதாரண வேலை நாளில் செலவழித்தது சராசரியாக 9,400 யூனிட். ஜூலை 10 அன்று 540. விளக்குக்கும் காவலாளி அறைக்கும் தரை கழுவும் பம்புக்கும் அது போதும். நூலுக்குச் சாயமேற்றப் போதாது.

ரோட்டர்டாமில் உன் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள். ஒரு பூத்துண்டு, பருத்தி விதைத்த நாளிலிருந்து கிழிந்து குப்பைக்குப் போகும் நாள்வரை மண்ணையும் நீரையும் காற்றையும் எவ்வளவு கெடுக்கிறது என்று 118 பக்கங்களில் அளந்திருக்கிறாய். அதில் 41ஆம் பக்கத்தைப் பார். சாயமிடும் கட்டத்துக்கு நீ எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாளின் கழிவுநீர். மாதிரி எடுத்த தேதி, ஜூலை 10. உற்பத்தி நிலை, வழக்கமான நாள். கீழே உன் கையெழுத்து.

அன்று ஆனிப் பௌர்ணமி. அம்மையார் கோயில் விழாவில் மாங்கனி இறைக்கும் நாள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வெளியூர்க்காரன் இதைச் செய்திருந்தால், அவன் நாட்காட்டியில் நம் ஊர் விடுமுறை இருக்காது என்று விட்டிருப்பேன். நீ காலையில் குடுவைகளை நிரப்பிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, பிற்பகல் பாரதியார் வீதியில் என் பக்கத்தில் நின்று மாடியிலிருந்து வந்த மாம்பழம் இரண்டைப் பிடித்தவன். "பட்டறையில ஒரு ஆளு இல்ல மாப்ள, நிம்மதியா வேலைய முடிச்சேன்" என்று நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

முப்பத்திரண்டு வருடமாகச் செய்தி எழுதுகிற நானும் அதைக் கேட்டுக்கொண்டு பழம் தின்றேன். ஆகஸ்ட் 2ஆம் தேதி 'காரைக்கால் துண்டுக்குப் பசுமைச் சான்று' என்று என் பெயரோடு செய்தியும் போட்டேன். தேதியைச் சரிபார்க்கவில்லை. என் தவறுக்கான திருத்தம் இன்று காலைப் பதிப்பில் வந்துவிட்டது. ஏழு வரி.

செய்தி வந்த மறுவாரம் உன் தங்கை கமர் நிஷா என்னைப் பட்டினத்துக்கு வரச் சொன்னாள். பட்டறைச் சுவரிலிருந்து அவள் வீட்டுக் கிணறு எண்பது அடி. நான் அளந்தேன். சமைக்கவும் குடிக்கவும் இரண்டு வருடமாக கேன் தண்ணீர்தான். அது தீர்ந்த நாளில் கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்தால், "சோறு வேகறதுக்குள்ள எங்க கண்ணு வெந்துரும் அண்ணே" என்றாள். பானையின் உள்விளிம்பில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டினாள். கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது என்று பட்டறை மேலாளர் சொல்கிறாராம். "அடுத்த தெருவெல்லாம் தாண்டி, எங்க கிணத்துக்கு மட்டும் கடல் விருந்துக்கு வருதாக்கும்" என்று சிரித்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அந்தத் தண்ணீரைத் தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். லிட்டருக்கு 3,150 மில்லிகிராம் உப்பு. கடல்நீர் கலந்திருந்தால் குளோரைடு ஓங்கியிருக்க வேண்டும். இதில் ஓங்கியிருப்பது சல்பேட். நூலில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டுவது சோடியம் சல்பேட் என்று உன் அறிக்கையின் 38ஆம் பக்கமே சொல்கிறது.

ஆகஸ்ட் 30ஆம் தேதி போனில் இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "துண்டோட மொத்தக் கணக்குல சாயக்கழிவு ரெண்டு சதவீதம்கூட வராது மாப்ள. பருத்திக்குப் பாய்ச்சுற தண்ணியும், வாங்குனவன் மெஷின்ல போட்டுத் துவைக்கிறதும்தான் பெருசு." இருக்கட்டும். பருத்தி குஜராத்தில் விளைகிறது. துவைப்பது ஐரோப்பாவில் நடக்கிறது. நீ சொல்லும் இரண்டு சதவீதம், அதுவும் விடுமுறை நாளில் அளந்த இரண்டு சதவீதம், முழுவதுமாக உன் தங்கை வீட்டுக் கிணற்றில் இறங்குகிறது. நீ உலகத்தையெல்லாம் கூட்டிப் பிறகு வகுக்கிறாய். அவள் வாளி விடுவது ஒரு கிணற்றில்.

தேதியைக் குறித்துக் கொடுத்தது மேலாளர் என்றாய். நீ ஊருக்கு வரும் நாளிலேயே வைத்துக்கொண்டால் தனியாக ஒரு பயணம் மிச்சம் என்று அவர் சொன்னாராம். சரி. 'வழக்கமான நாள்' என்று எழுதியது அவர் இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை. தெரியாமல் செய்தவன் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான், ஜவஹர்.

பட்டறைக்காரர்கள் இரண்டாவது சாயக்கூடம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தோடு இணைத்திருப்பது உன் அறிக்கை. அனுமதி கிடைத்தால் புதிய கூடம் எழுவது கமர் நிஷா வீட்டுக் கொல்லைப் பக்கம். எண்பது அடி முப்பது அடியாகும். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் அந்தக் கிணற்றோடு யார் வாங்குவார்?

மின் துறையின் பதிலை நேற்று சாயங்காலம் அவளிடம் படித்துக் காட்டினேன். "எங்க நானா பொய் எழுதமாட்டாங்க அண்ணே. அவசரத்துல எழுதியிருப்பாங்க" என்று அண்ணனான உனக்காகப் பேசினாள். பிறகு புதிய சாயக்கூடத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தானும் பேச வேண்டும், மனு எழுதித் தாருங்கள் என்றாள். எழுதிக் கொடுத்தேன். இன்று காலை பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பட்டியலில் ஏழாவது. பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் இருக்கப்போகிற இடம். "எழுதுனவங்க பேரச் சொல்லாம, அறிக்கை தப்புன்னு மட்டும் சொன்னா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். பெயர் அறிக்கையிலேயே இருக்கிறது, அவர்கள் கேட்பார்கள் என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

கிணற்றுநீரின் இரண்டாவது பரிசோதனை முடிவு 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரும். எழுத்து மூலமான கருத்துகளை 17ஆம் தேதி மாலை ஐந்து மணிவரை வாங்குவார்கள். கூட்டம் 18ஆம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. 41ஆம் பக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பினால் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். இறைவன் உன்னையும் உன் பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும். ஏழாவது பெயரைக் கூப்பிடும்போது, தன் நானா தவறாக எழுதினார் என்று ஊர் முன்னால் அவள் சொல்ல வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்.

இன்னும் உன் நண்பன்தான்,
மதியழகன்