டேக்குக்கு ஜோடி

16-7-1974
இன்று மானம் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் புது டாக்டரம்மா. தமிழ் தெரியாது. மருந்து பாட்டிலைக் காட்டி, ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார். எட்டாவது வரை படித்தவன் சும்மா இருப்பேனா? "ஐ ஈட் மெடிசின், மேடம்!" கம்பவுண்டர் சுப்பராயன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மருந்து சிந்தியது. "ஈட் இல்லைய்யா, டேக்!"

வீட்டில் சொன்னேன். மகள் அம்சவல்லி சிரிக்கவில்லை. "நானும் பரிட்சையில அதாம்பா எழுதனேன்." எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயிலானவள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

21-7
மச்சான் தணிகாசலம் சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தான். "இன்னா மாமா, பொண்ணு டீச்சராயே தீரணுமா? தையில என் பையனுக்குக் கட்டிக் குடு." அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அக்டோபர் பரிட்சையிலயும் போச்சுன்னா கட்டிக் குடுக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ!

5-8
அதே கவலையில் வண்டி மாடுகளை மாற்றிப் பூட்டிவிட்டேன். செவலை எப்போதும் வலது, மயிலை இடது. மாறினால் ஒன்று முட்டும், ஒன்று படுத்துக்கொள்ளும். நெல் மூட்டையோடு வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. பஸ் டிரைவர் கத்தினான்: "யோவ், ரோடு இன்னா உன் மாமியார் வூடா?"

மில்லில் தவிடு பிடிக்கக் கூட வந்த அம்சவல்லி இறங்கி மாற்றிப் பூட்டினாள். வண்டி கிளம்பியதும், "இங்கிலீசும் இப்டித்தாம்பா. எது எதுங்கூடப் போவும்னு பாக்காம, ஒவ்வொரு வார்த்தையா தனியா நெட்டுரு போட்டுகினு இருந்தேன்" என்றாள்.

19-8
வாலாஜாபாத் மில்லுக்குப் போகவர இதே பாட்டு. நான் "மேக்" என்பேன். அவள் அதற்கு ஜோடி சொல்வாள்: "மிஸ்டேக்". "டூ?" "ஹோம் ஒர்க்." "டேக்?" "மெடிசின், ரெஸ்ட், கேர்." டேக் கேர் என்றால் பத்திரமாக இரு என்பதாம். "கேச்?" "கோல்ட்." நம்மைச் சளி பிடிக்கும், வெள்ளைக்காரன் போய்ச் சளியைப் பிடிக்கிறான்!

8-10
இங்கிலீஷ் பரிட்சை. எழுதியவள் தூங்கிவிட்டாள். நான்—?

6-12
பேப்பரில் வந்த பாஸ் லிஸ்டில் அவள் நம்பர் இருக்கிறது! என் கண்ணை நம்பாமல் சுப்பராயனிடமும் காட்டினேன். இருக்கிறது. அப்பாடா. என் பெண்சாதி கிளியம்மாள் அழுதுகொண்டே கேசரி கிண்டினாள். உப்புக் கரித்தாலும் தின்றிருப்பேன். தணிகாசலத்துக்குச் சொல்லியனுப்பினேன். "போவட்டும், என் பையன் தப்பிச்சான்" என்றானாம். நல்லவன்.

23-6-1975
காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெயினிங். பஸ் ஏற்றிவிட்டேன். அவளிடம் சொல்வதற்கென்று இரண்டு வார்த்தையைக் காலையிலிருந்து மாடுகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஜன்னலில் அவள் முகம் தெரிந்ததும், "பொட்டிய சீட்டுக்கு அடியில தள்ளு" என்றுதான் வந்தது.

டேக் கேர். ஜோடி சரிதான். வாய்க்குத்தான் வரவில்லை.