விளக்குக் கம்பத்தடியில் நின்றவள்

இருட்டைக் கட்டிக்கொண்டு அலைந்த என் அருமைச் சங்கரலிங்கம்,

நீ போன பிறகு டவுண் ரோடுகள் காய்ந்து கிடக்கின்றன. தெருவிளக்கின் வெளிச்சம் தாரில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, ஊர் அடங்கிய பிறகு ரதவீதியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்தவன் உன்னைத் தவிர யார்? குடம் சுமந்தவன் நான். "குடிக்கத் தண்ணியில்ல, ரோட்டக் குளிப்பாட்டுதீகளோ?" என்று மாடியிலிருந்து விழுந்த வசவெல்லாம் என் தொப்பைமேல்தான் விழுந்தது. நீ கேமரா ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நொடி எண்ணிக்கொண்டிருப்பாய். எண்ணும்போது உனக்குக் காது கேட்காதே!

இப்போது கேள். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரி காந்திமதி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். உன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாதிக்கு மேல் ஓடிய பிலிம்.

"அண்ணாச்சி, இதக் கழுவிப் படம் போட்டுக் குடுங்க. உள்ள எவ இருந்தாலும் நான் பாக்கணும்."

எவ! புரளி உன் வீட்டு நடைவரைக்கும் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. ஊர்வாயில் பாதி என் வாய்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கேட்டதோடு சரி. டீக்கடையில் பால்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "தச்சநல்லூர் முக்குல வெளக்குக் கம்பத்தடியில ஒரு பொம்பள நிக்கா. நம்ம போட்டோக்காரரு எதுக்க நின்னு என்னமோ பேசுதாரு. நானும் நாலஞ்சு தரம் பாத்தேன்வே. அவ வாயவே தொறக்கல. அம்புட்டுக் கோவம் போல!"

நான்தான் கூட வரவில்லையே. மார்கழிப் பனி ஆகாது என்று போர்வைக்குள் கிடந்தேன். தனியாக எங்கே போகிறாய் என்று கேட்டதற்கும் நீ சிரித்தாயே தவிரப் பதில் சொன்னாயா?

"கொடியில காயப்போட்ட என் கோபுரக்கரைச் சேலையும் காணல, அண்ணாச்சி. களவு போச்சுன்னு நெனச்சேன். இப்பத் தெரியுது, யாரு உடுத்தியிருக்கான்னு."

காந்திமதி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

உன் இருட்டறைக்குள் போனேன். நான் அங்கே கடிகாரம் பார்த்துச் சொல்லும் ஆள்தானே, பிலிம் கழுவுகிற மருந்தில் கை வைத்தவனா? நீ வெளிச்சம் போதாத இடத்தில் எடுத்த ரோல் என்றால் கூடுதல் நேரம் மருந்தில் போடுவாய். எந்த ரோலுக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு உன்னோடு போய்விட்டது. சந்தேகம் வந்தால் நீ செய்வதையே நானும் செய்தேன். கும்மிருட்டில் பிலிமின் நுனியில் ஒரு துண்டை மட்டும் வெட்டிக்கொண்டு, மீதியை டப்பாவில் போட்டு மூடினேன். நேரம் போதுமா என்று பார்க்க முதலில் துண்டைக் கழுவி, விளக்கைப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன்.

நீ கேமராவை நெட்டுக்குப் பிடித்து எடுத்திருக்கிறாய். என் கத்திரி ஒரு படத்தின் நடுவில் விழுந்திருக்கிறது. துண்டில் இருந்தது இடுப்புக்குக் கீழே ஒரு பெண். ஈர ரோடு. சேலை. சேலையின் ஓரத்தில் வரிசையாகக் கோபுரங்கள்.

மீதிப் பெண் டப்பாவுக்குள் இருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியை ஒரு திருகு திருகினால் போதும், அவள் முகம் வெளிச்சம் பட்டுக் கரைந்துபோகும். உன் மானம் தப்பிக்கும். நானும் தப்பிப்பேன். மூடிமேல் கை வைத்தேன், லே. உண்மையாகவே வைத்தேன்.

கதவுக்கு வெளியே காந்திமதியின் குரல்.

"அண்ணாச்சி, கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லிராதீக. அப்பிடிச் சொன்னீகன்னா, நான் சாவுத வரைக்கும் அவ மூஞ்சிய நானே நெனச்சு நெனச்சு வரைஞ்சிட்டிருப்பேன்."

கையை எடுத்தேன். விளக்கை அணைத்தேன். மீதி ரோல் முழுவதையும் கூடுதல் நேரம் வைத்துக் கழுவினேன்.

பிலிம் காய்ந்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் அவளேதான். முகம் நெகட்டிவில் கரிக்கட்டை. ரதியா ராட்சசியா, யாரால் சொல்ல முடியும்? பிரிண்ட் போடும்போது காந்திமதி உள்ளே வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். நீ செய்வதுபோல உள்ளங்கையால் ரோட்டை மறைத்து, விளக்கைச் சுற்றிய பனிப்புகைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் காட்டினேன்.

தாளை மருந்துத் தட்டில் போட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் இருட்டு வந்தது. பிறகு கம்பம். ரோட்டின் பளபளப்பு. சேலை. வெளுத்ததெல்லாம் கடைசியில்தானே தெளியும்? முகம் வருவதற்குள் நான் அம்பாளைக் கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

தீட்டிய புருவம். வெட்டாத கண். நுனி பெயர்ந்த மூக்கு.

"அடப்பாவி மனுசா!" என்றாள் காந்திமதி. "இது சவுளிக்கடை வாசல்ல நின்ன பொம்மல்லா! என் சேலையச் சுத்தி விட்டுருக்காக!"

ஷட்டர் திறந்திருக்கும் அவ்வளவு நேரமும் மூச்சுவிடுகிற எவளும் ஆடாமல் நிற்க மாட்டாள் என்று, பொம்மையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். நீ 'பேசியது' நொடி எண்ணியது! கடைக்கார அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியில் அவள் இன்னும் சேலையோடுதான் நிற்கிறாள் என்று மறுநாள் போய்ப் பார்த்துவிட்டே வந்தேன்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த மருந்து தளும்பியது. முதலில் நிறுத்தியவள் அவள்தான்.

"ஏன் அண்ணாச்சி, என்னையக் கூப்பிட்டிருக்கலாம்லா? நான் நின்னுருக்க மாட்டேனா? அசையாம நிப்பேம்லா."

பனியில் அவள் நிற்க வேண்டாம் என்று நினைத்தாயா? கட்டின பெண்டாட்டியிடம் கேட்கக் கூச்சமா? இல்லை, கேட்கலாம் என்றே உனக்குத் தோன்றவில்லையா? பதில் தெரிந்த ஆள் நீ ஒருவன். நீயோ வாயைத் திறக்க மாட்டாய்.

அந்தச் சேலையைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த முக்குக்குப் போகிறோம். ரோட்டில் தண்ணீர் நான் ஊற்றுவேன், வசவும் நானே வாங்கிக்கொள்வேன். உன் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, ஷட்டரைத் திறந்து, அவளுக்குக் கேட்கும்படி உரக்க எண்ணுவேன். அவள் நிற்கட்டும், ஆசை தீர. படம் ஆடியே வந்தாலும் அதைத்தான் பெரிதாகப் போட்டு உன் ஸ்டூடியோ வாசலில் மாட்டுவேன். இது சத்தியம்.

அவள் அண்ணாச்சி என்று கூப்பிட்ட உரிமையில்,
இனி உனக்கு மச்சான்,
சிதம்பரம்