தூக்காத கை

அன்புள்ள அண்ணனுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

கோயில் வரியை எடுத்துவிட நேற்றுக் கூட்டத்தில் நான் ஏன் கை தூக்கவில்லை என்று கேட்டு அண்ணியை அனுப்பியிருந்தீர்கள். அவரிடம் சொன்னால் அழுவார். அதனால் எழுதுகிறேன்.

புது வரிக்கு நாலில் மூன்று பங்குக் குடும்பங்கள் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் நம் கோயில் வழக்கம். மணிக்கூண்டு கட்டும் ஆசையில், பாதிக்கு மேல் போதும் என்று மாற்றி வரியைப் போட்டவர், கோயில் நாட்டாண்மையாக இருந்த நீங்கள். அன்று என் வீட்டுக்காரர் மட்டும் எதிர்த்து எழுந்தார்.

"இல்லாதவன் வயித்துல கை வெக்கக் கூடாதுன்னுதானுங்க மச்சான் பெரியவங்க அப்படி வெச்சாங்க. வேதத்துல ஏழை விதவை தானாப் போட்ட காசைத்தான் ஆண்டவர் மெச்சினாரு. புடுங்கச் சொல்லலீங்க" என்றார்.

அவர் வரி கட்டவில்லை. காலராவில் அவர் போனபோது, பிரேதம் தூக்கும் கோயில் தூம்பாவைத் தர மறுத்தீர்கள். கயிற்றுக் கட்டிலில் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

இப்போது உங்கள் நூல் கடை கடனில் மூழ்கிவிட்டது. வரி உங்களுக்கும் பாரம். புதிதாக வந்த பங்குச் சாமியாரோ பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். வரி போடவும் எடுக்கவும் முக்கால்வாசிப் பேர் வேண்டும். நேற்று ஒரே ஒரு குடும்பம் குறைந்தது.

"கையைத் தூக்குங்கக்கா, எங்க ஊட்லயும் அடுப்பு எரியலீங்க" என்று பக்கத்து வீட்டுச் சந்தியாகு கெஞ்சினான். நானும் கூலிக்குப் போய்த்தான் அந்த வரியைக் கட்டுகிறேன். அவனுக்காகத் தூக்கியிருப்பேன். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

கை தூக்காத பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்கிறார் சாமியார். அதற்குச் செய்ததை நினைத்து வருந்தும் மனஸ்தாபம் வேண்டுமே, அண்ணா. எனக்கு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் உடன்பிறந்தவள்