திமில் இல்லாத கோடு

நவம்பர் 6, 2003
பேராசிரியர் ஓனோதெராவுக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்த இவாபுச்சி செய்த படலம் அறைச் சூட்டிலேயே காந்தமாம்! அறுபத்தேழு டிகிரி வரை தாங்குமாம். குறைகடத்தியாகவும் காந்தமாகவும் ஒரே பொருள். இந்தச் செண்டாய் ஊர் ஆய்வுக்கூடங்களில் எத்தனை பேர் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம், இந்தப் பொடியனுக்கு ஒரே வருஷத்தில் கிடைத்துவிட்டதாம். நிலைத்தால் அவனுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காந்தம், மின்தடை இரண்டையும் அளப்பது நான். துண்டு வெட்டுவதும் நான்தான். என் எஃகு இடுக்கியை இங்கே வேறு எவனும் தொட முடியாது.

நவம்பர் 11
காந்தத்தன்மை போகிற சூட்டை நெருங்கும்போது மின்தடை திமில் மாதிரி எழும்பி இறங்க வேண்டும். இவன் கோடு வழுவழுவென்று இறங்கிக்கொண்டே போகிறது. எங்கே ஐயா திமில்?

“இன்னொரு தடவ அளந்து பாரேன், செகினே” என்கிறார் பேராசிரியர் என்னிடம். திமில் முளைக்கிற வரைக்கும் அளக்கணுமாக்கும்!

நவம்பர் 12
அளந்தாயிற்று. முளைக்கவில்லை.

நவம்பர் 19
படலமே பூசாத வெறும் தகடு ஒன்றை இவாபுச்சியின் பெட்டியிலிருந்து எடுத்து, வெட்டி, வைத்துப் பார்த்தேன். அதுவும் காந்தம்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெட்டி முழுக்க அழுக்கு, இதில் கண்டுபிடிப்பு வேறு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப்போகிறேன். அந்தச் சந்தோஷத்தில் மதியம் சுட்ட மாட்டு நாக்கு இரண்டு தட்டு.

நவம்பர் 20
வெறும் தகடு விஷயம் காதில் விழுந்திருக்கும்போல, இவாபுச்சி வந்தான். கையில் மூங்கில் இடுக்கி, அதில் ஒரு முழுத் தகடு.

“சார், இது அதே பெட்டித் தகடுதான். வெட்டல. இத வச்சுப் பாருங்க.”

வைத்தேன். காந்தம் துளியும் இல்லை.

“இப்ப உங்க இடுக்கியால ஓரத்தப் பிடிச்சிட்டு வைங்க.”

காந்தம்.

அடப்பாவி! நானா? என் இடுக்கியா? இந்த வருஷம் அவன் கொடுத்த எல்லாத் துண்டையும் இதால்தானே பிடித்தேன் — ஒரு வருஷமா இந்தப் பையன் என் இரும்புத் தூள் பின்னாடியா ஓடிக்கிட்டிருந்தான்?

“நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க சார்” என்றான். கத்தியிருந்தால் தேவலை.

நவம்பர் 21
போட்டு உடைத்தேன், பாதியை மட்டும். வெறும் தகடும் காந்தம் என்றேன். அழுக்கு என்றேன். யாருடைய அழுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. “நம்ம மானத்தக் காப்பாத்திட்டே” என்று பேராசிரியர் தோளில் தட்டினார்.

இவாபுச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து குனிந்தான். “என் கவனக்குறைவுதான். மன்னிச்சிடுங்க.”

ஏன்டா அப்படிச் சொன்னே? உன்னை யாரு கேட்டா? தூ, நானும் ஒரு மனுஷன்.

மார்ச் 30, 2004
இவாபுச்சி கிளம்பிவிட்டான். ஊரில் ஏதோ பள்ளிக்கூட வேலையாம். போகும்முன் எல்லார் மேசையிலும் பச்சை சோயா விழுது தடவிய அரிசிப் பலகாரம், மோச்சி, வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் மேசையில் மோச்சி இல்லை. மூங்கில் இடுக்கி இருந்தது.

“உனக்கு மட்டும் மோச்சி வைக்க மறந்துட்டானா?” என்று பேராசிரியர் கேட்டார்.

ஆமாம் என்றேன்.