கொற்றியின் கால்

திருவும் மழையும் நிலைக்க. ஏழாற்று நாட்டையும் அதன் மலைமுகங்களையும் ஆளும் செழுநங்கைப் பெருந்தேவி, தேன்வரை நாட்டுக் காவலர் ஏனாதி விழுப்பரையருக்கு எழுதுவித்த ஓலை. உம் மலைகளில் அருவி வற்றாதிருக்க. உம் குடிகள் நோயின்றி வாழ்க.

மருத்துவம் செய்ய நம் முத்திரை பெறாத கை கட்டிய எலும்பை மீண்டும் உடைத்து, முத்திரை பெற்ற மருத்துவர் கையால் கட்டவேண்டும் என்னும் நமது ஆணைப்படி, தேனெடுக்கும் கொற்றியின் காலை உடைக்க வளர்பிறை ஐந்தாம் நாளைக் குறித்திருப்பதாக எழுதியிருந்தீர். ஆணை நம்முடையதே. போலி வைத்தியன் ஒருவன் போட்ட கட்டால் நம் தம்பி இன்றும் கோலூன்றி நடக்கிறான். அந்தக் கோபத்தில் பிறந்தது அது. அதற்காக நாம் வெட்கப்படவில்லை.

ஆயினும் நேற்று முற்பகல் கொற்றி நம் அவைக்கு முறையிட வந்தாள். மூன்று நாள் மலைவழியை நடந்தே கடந்து வந்தாள். அவள் சொன்னது இது. தேனெடுக்க ஏறியவள் பாறையினின்று விழ, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது; முத்திரை மருத்துவர் இருந்ததோ ஆற்றுக்கு அப்பால், ஆற்றிலோ பெருவெள்ளம். இரு வேர்களின் இடுக்கில் பாதத்தைச் செருகி, கொடியொன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, எலும்பைத் தானே இழுத்து நேராக்கினாளாம். மூங்கில் தப்பை வைத்து, மெழுகு தடவிய சேலைக் கிழிசலால் கட்டி, குடிசைவரை தவழ்ந்து சென்று, நாற்பது நாள் காலை அசைக்காமல் கிடந்தாளாம். யார் கற்பித்தார் என வினவினோம். ஆட்டுக்குட்டிகளுக்குக் கட்டிப் பழகியதாகவும், தன் காலைத் தான் தொட யாரிடம் கேட்கவேண்டும் என்று தனக்குத் தெரியவில்லை என்றும் பணிவாகவே கூறினாள். நமக்கும் தெரியவில்லை.

இவளை விட்டுவிட்டால் முத்திரையின் பெருமை கெட்டுவிடும் என்று கடுமையாக வாதிட்டவர் மருத்துவப் பேரவைத் தலைவர் ஆசான் அம்பலக்கூத்தர். அவரே சோதிக்க அமர்ந்தார். முழங்கால் முதல் விரல்வரை இரு கால்களையும் நெடுநேரம் தடவிப் பார்த்தார். பின்பு நிமிர்ந்து, முறிந்த கால் எதுவென்று அவளையே கேட்டார். அவையில் எவரும் சிரிக்கவில்லை.

ஆதலால் நம் கட்டளை இது. உடைப்புக்குக் குறித்த நாளை நீக்குக. பிறர் உடம்பைத் தொடும் கைக்கு முத்திரை வேண்டும். அதில் இம்மியும் தளர்வில்லை. தன் உடம்பைத் தானே பேணும் கைக்கு இனி நம் நாட்டில் எவரும் முத்திரை கேட்கலாகாது. மீறுவோர் நம் அவையில் வந்து விடை சொல்லக் கடவர்.

வேங்கைப்பூ முத்திரையிட்டு, ஓலையைக் குதிரைத் தூதனிடம் தர இருந்தோம். தானும் அவ்வழியே போவதாகச் சொல்லிக் கொற்றி கேட்டதால் அவளிடமே தருகிறோம். இதை உம் கையில் தந்துவிட்டு எதிரே நிற்பவள் அவளே. மூன்று நாள் நடந்து வந்திருக்கிறாள். முதலில் அவளை அமரச் சொல்க.