அம்மாவுக்கு நூறு

ஆடி 14, வெள்ளி

மகள் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம். அவளுடைய கணக்குக் கொப்பியில் "இன்று அம்மாவுக்கு வயது 100" என்று என் பிறந்தநாளில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு நாற்பத்தொன்பதுதான். அன்றைக்கு அவளை ஏசினேன். அந்தக் கோபத்தில் என்னைக் கிழவி என்றாளோ என்று நித்திரையில்லை.

இன்று காத்தான்குடியிலிருந்து அவளோடு படித்த ஷிபானா வந்தாள். கொப்பியைக் காட்டினேன்.

"கோபமில்ல அன்ரி. இது ஏழு ஏழா எண்ணுற கணக்கு. ஆறுக்குப் பிறகு பத்து எண்டு எழுதுவம்."

"அப்ப ஏழை எங்க விட்டீங்க பிள்ளை?"

சிரித்துவிட்டாள். நாற்பத்தொன்பது புளியங்கொட்டை எடுத்து ஏழு ஏழாகக் குவித்தாள். சரியாக ஏழு குவியல், மிச்சமில்லை.

"ஒரு குவியல் பத்து, ஏழு குவியலும் நிறைஞ்சா நூறு. இந்த வயசு உங்களுக்கு எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவள்."

மனம் கொஞ்சம் ஆறியது. பிறகு சும்மா இருக்காமல், மகளுடைய பத்தொன்பது வயதுக்கு எத்தனை வரும் என்று கேட்டேன். இரண்டு குவியலும் ஐந்து கொட்டையும் வைத்தாள்.

"இருபத்தஞ்சு எண்டு எழுதலாம் அன்ரி."

இருபத்தைந்து என்றால் கலியாணம் முடித்திருப்பாள். எனக்கு விளங்கவில்லை. ஷிபானா போன பிறகு அந்தக் கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதுதான் இருந்தது.