சாம்பிள் ரூமில் பொன்முலாம் சிலை

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்களிடம் தோல் வாங்கும் தைவான் பையர் அனுப்பிய சிலை ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தது. வெண்கலம், மேலே பொன்முலாம், ஒரு முழ உயரம். பௌத்தர்கள் கும்பிடும் கருணையின் போதிசத்துவராம். உலகத்தில் யார் அழுதாலும் அதற்குக் கேட்குமாம். முதலாளி மக்பூல் பாயால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, பரிசாக வந்ததைத் திருப்பி அனுப்பவும் முடியாது. “தேவகிம்மா, சாம்பிள் ரூம்லயே வெச்சிடுங்க. சிலையெல்லாம் பாத்துக்க உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். எனக்கு என்ன தெரியும்? தோல் துண்டுகளுக்கு நடுவே உட்கார வைத்தேன்.

கேட்கிற காது வந்துவிட்டது. அழுகைதான் இல்லை. என் மகன் கோபி, பைபாஸில் அடிபட்டுச் செத்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். பெற்ற மகனுக்கு ஒரு சொட்டு வரவில்லை — நான் என்ன ஜென்மம்?

செப்டம்பர் 5

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பையருக்குக் காட்டும் கலர் கார்டில் இரண்டு தோல் நிறங்களை மாற்றி ஒட்டியிருந்தேன். தொழுகைக்குக் கிளம்பிய பாய் பார்த்துவிட்டு, “பரவால்லம்மா” என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பதினாலு வருடமாக என்னோடு சண்டை போடும் ஃபினிஷிங் பிரிவு முனவ்வர் அக்காகூட மெதுவாகப் பேசுகிறார். ஆஸ்பத்திரி வார்டில் நடப்பதுபோல் என்னைச் சுற்றி நடக்கிறார்கள். எரிச்சலாவது வரலாம். அதுவும் இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாளை மறுநாள் பையர் வருகிறார். சிலையின் முகத்தில் சாயத் தூள் படிந்திருந்தது. இங்கே எதில் கறை ஒட்டினாலும் சாயம் கரைக்கும் தின்னர்தான். பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். கறை போனது, பொன்னும் போனது. இடது கன்னத்தில் வெண்கலம் தெரிகிறது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். பயம் வரவில்லை.

செப்டம்பர் 11, புதன்

பாயிடம் சொன்னேன். சிலையின் கன்னத்தைப் பார்த்தார். “போகட்டும்மா. நானே தொடச்சேன்னு பையர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

முனவ்வர் அக்கா வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பாய் போனதும் உள்ளே வந்து பஞ்சை மோந்து பார்த்தார். பிறகு அந்தப் பழைய தொண்டை —

“தின்னரு போட்டா தொடச்சே? இத்தினி வருசமா இன்னாத்த கத்துகினே? கண்ணு இல்ல உனுக்கு?”

“ஆமா, இல்ல! தொடச்சேன், இன்னா இப்ப? எம்புள்ளையே போய்ட்டான். உனுக்கு பொம்மைதான் பெருசா?”

கத்தியது நான்தான். அக்கா பின்வாங்கவில்லை. “போய்ட்டான்தான். அதுக்குன்னு இருக்கறதையும் அழிச்சிடுவியா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கோபி என்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப அதுவே வந்தது. மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். அக்கா என் தலையைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டு, அப்போதும் திட்டிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

கண்கள் வீங்கிக் கிடக்கின்றன. பையர் வந்தார். பாய் வாயைத் திறப்பதற்குள், நான்தான் துடைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். மத்தியானம் அவருடைய டப்பாவிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்றேன். உப்பு கம்மி. சொன்னேன்.